குளிக்க ஒரு வீடு

“குளிக்க எங்க போவீங்க டீச்சர்?” என்று மேஸ்திரி கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டின் பின்கட்டில் இருந்த குளியலறையையும் அதை ஒட்டிய துவைக்கிற ரூமையும் முழுதாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பேசி முடித்திருந்தோம். டைல்ஸ் நிறம் முடிவாகிவிட்டது. குழாய் எங்கே வர வேண்டும், வாஷிங் மெஷின் எங்கே நிற்க வேண்டும் என்று சுவரில் சாக்பீஸால் நானே கோடு போட்டிருந்தேன். இவ்வளவு யோசித்தவளிடம் போய்க் குளிப்பதைப் பற்றிக் கேட்கிறாரே என்று நினைத்தேன். “அதெல்லாம் பாத்துக்கலாம், நீங்க வேலைய ஆரம்பிங்க” என்றேன்.

அவர் விடவில்லை. “மொதல்ல துவைக்கிற ரூம முடிச்சிடறேன். அதுவரைக்கும் பாத்ரூம் ஒங்களுக்கு இருக்கும். அப்பறமா அதுல கை வெக்கறேன்” என்றார். எனக்குப் பாதி வேலை பிடிக்காது. கணக்கு டீச்சராக இருந்த காலம் முழுக்க, பாதியில் விட்ட கணக்கோடு வரும் நோட்டைப் பார்த்தாலே எரிச்சல் வரும். “ரெண்டையும் ஒண்ணா இடிங்க” என்று சொல்லிவிட்டேன்.

தனியாக இருப்பவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். நாலு பேர் இருக்கிற வீட்டில் யாராவது ஒருத்தர் குறுக்கே விழுந்து, “அப்போ நாளைக்குக் காலைல நான் எங்க குளிக்கிறது?” என்று சண்டைக்கு வந்திருப்பார்கள். என் வீட்டில் குறுக்கே விழ ஆள் இல்லை. நான் சொன்னதுதான் சட்டம், நான் போட்டதுதான் திட்டம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி குறுகலாக நீண்டு கிடக்கும். முன்னறை, கூடம், சமையல்கட்டு, அதைத் தாண்டினால் கொஞ்சம் வெட்டவெளி. அந்தக் கடைசியில் ஒரே கூரையின் கீழே குளியலறையும் துவைக்கிற ரூமும். கக்கூஸ் மட்டும் தனியாக ஒரு மூலையில். ஒரு காலத்தில் இங்கே ஆறு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், நான், கல்யாணமாகாத இரண்டு அத்தைகள். காலையில் குளியலறை வாசலில் வாளிகள் வரிசை கட்டும். உள்ளே சுவரில் ஆளுக்கொரு ஆணி. அப்பாவின் ஆணியில் என் துண்டை மாட்டினால் அவர் அதை எடுத்துத் தரையில் போட்டுவிட்டுத் தன் துண்டை மாட்டுவார். அத்தனை பேரும் போன பிறகும் ஆணிகள் அப்படியே இருந்தன. நான் என் ஆணியை விட்டு வேறு ஆணியில் துண்டு போட்டதில்லை. காலியாக இருக்கிறதே என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஒரு நாள் காலை குளித்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து கையகலச் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து பக்கெட்டுக்குள் விழுந்தது. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் என் தலை. துவைக்கிற ரூமின் நிலைமை இன்னும் மோசம். உத்தரம் உளுத்து, மெஷின் மேல் தினமும் பொடி கொட்டும். துவைத்த துணியையே மறுபடி உதற வேண்டும்.

அண்ணன் பிரான்சில் இருக்கிறான். சொல்தா வீட்டுப் பெண்ணைக் கட்டினான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து அந்த நாட்டுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கல்யாணமான கையோடு இவனும் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். காரை விழுந்த கதையைச் சொன்னதும், “ஒடனே இடிச்சிட்டு நல்லதா கட்டு. நாங்க வந்தா பசங்களுக்கும் சௌகரியமா இருக்கும்” என்றான். அவர்கள் வந்தால் கடற்கரைப் பக்கம் ஓட்டலில்தான் தங்குவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் இங்கே வந்து, சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். அதை நான் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

இடிக்க ஆரம்பித்தார்கள். கூரைமேல் இருந்த தண்ணீர்த் தொட்டியை முதலில் இறக்கி வெட்டவெளியில் கவிழ்த்தார்கள். பிறகு கூரை. சமையல்கட்டுக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வரும் முனிசிபல் தண்ணீரை நம்பித்தான் வீடு. அதைப் பிடித்து வைத்துச் சமைக்கலாம், கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். சித்தாள் பெண் ஆணிகளையெல்லாம் பிடுங்கி ஒரு சிமெண்ட் சட்டியில் போட்டு, “இத என்னா பண்றதும்மா?” என்று கேட்டாள். “தூக்கிப் போடு” என்றேன். அவள் போட்டாள். எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று தெரியவில்லை, ஆனால் வலித்தது.

அன்று சாயங்காலம் அவர்கள் போன பிறகு, காரைத் தூசியோடு கூடத்தில் நின்றேன். தலையெல்லாம் வெள்ளை. கழுத்து, முதுகு, கண் இமை எங்கும் தூசி. கையில் துண்டு. குளிக்கப் போகலாம் என்று காலும் தானாகப் பின்கட்டுக்குத் திரும்பிவிட்டது. அங்கே வானம்தான் இருந்தது. பின்னால் புதிதாக எழும்பிய அடுக்குமாடியின் பால்கனிகள் வரிசையாக என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. கக்கூசில் குந்தினாலே முழங்கால் கதவில் இடிக்கும், அங்கே குளிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சமையல்கட்டுத் தரையில் ஊற்றும் தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. மேஸ்திரியின் கேள்வி அப்போதுதான் எனக்குள் இறங்கியது.

துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து உட்கார்ந்தேன். கேஸ்காரர், பால்காரர், எலக்ட்ரீஷியன், பழைய மாணவர்களின் பெற்றோர், ஓய்வு பெற்ற டீச்சர்களின் வாட்ஸப் குழு. பெயர்களுக்குக் குறைவே இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு இவர்களில் பத்துப் பேர் வருவார்கள். கைமாற்றுக் கேட்டால்கூட இரண்டு பேர் கொடுப்பார்கள். ஆனால் “உங்க வீட்டுக்குக் குளிக்க வரட்டுமா?” என்று யாரிடம் கேட்பது? ஒருவர் வீட்டில் சாப்பிடலாம், தூங்கலாம், அழக்கூடச் செய்யலாம். துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு போய் ஈரத் தலையோடு திரும்பி வருவதற்கு வேறு மாதிரி உறவு வேண்டும். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே படித்து, இந்த ஊரிலேயே பாடம் நடத்தி ஓய்வும் பெற்றவளுக்கு அப்படி ஒரு வீடு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் தனியாக வாழ்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றுதான் நான் தனியாக இருக்கிறேன் என்று பட்டது.

பக்கத்து வீட்டை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்களோடு பேச்சு நின்று பல வருடம். அவர்கள் குளியலறையும் எங்கள் குளியலறையும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும், நடுவில் ஒரே சுவர். எங்கள் குழாய் கசிந்து தங்கள் சுவர் ஊறிப்போகிறது என்று அந்த வீட்டம்மா வந்து கேட்டார். எங்கள் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. “எங்க வூட்டுத் தண்ணி ஒரு சொட்டு அந்தப் பக்கம் போவாது. ஒங்க குழாய மொதல்ல போய்ப் பாருங்க” என்று தெருவே கேட்கச் சொன்னாள். அவரும் விடவில்லை. வார்த்தை தடித்து, இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அதற்கு முன் நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அம்மா விட்டுப்போன சொத்தில் வீட்டோடு அந்தச் சண்டையும் எனக்கு வந்தது. வாசலில் எதிரெதிரே பட்டால் நான் சாவியைத் தேடுவேன், அவர் தெருமுனையைப் பார்ப்பார்.

கடைசியில் உழவர்கரையில் இருக்கும் ஒரு டீச்சரைக் கூப்பிட்டேன். ஒரே பள்ளியில் பல வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். சிரித்துக்கொண்டே, ஏதோ வேடிக்கை சொல்வது போலத்தான் கேட்டேன். “ஐயோ, இதுக்கு எதுக்கு டீச்சர் கேக்கறீங்க? எத்தன நாளு வேணா வாங்க” என்றார்.

மறுநாள் காலை ஒரு பையில் துண்டு, சோப்பு, மாற்றுப் புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன். ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போகிறவள் மாதிரி இருந்தேன். அவர் வீடு பளபளவென்று இருந்தது. எனக்காகப் புது சோப்பு பிரித்து வைத்திருந்தார். கெய்சர் போட்டிருந்தார். குளித்துவிட்டு வந்தால் மேசையில் காபியும் முறுக்கும். அவர் கணவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டிருந்தார். “ஒங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னுதான்” என்றார் அந்த டீச்சர். எங்கள் பேச்சு பென்ஷனையும் வெயிலையும் சுற்றிச் சுற்றி வந்தது. என் ஈரத் தலையிலிருந்து சோபாவில் சொட்டுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் பார்த்தார்.

கிளம்பி, கேட்டைச் சாத்திவிட்டு வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது பக்கவாட்டு ஜன்னலிலிருந்து சத்தம் கேட்டது. வாளித் தண்ணீர் தரையில் அடிக்கும் சத்தம். பிறகு துடைப்பம். பினாயில் வாசனை சந்துவரை வந்தது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவர் மேல் தப்பில்லை. சுத்தக்காரர். மேசைமேல் சாக்பீஸ் தூள் விழுந்தால்கூட ஊதித் துடைப்பார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வாசலைத் தாண்டிப் போனதும், அவர் போய்ச் சேர்வதற்குள் வீட்டைக் கழுவக் கூடாது, பெருக்கக் கூடாது, தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆள் போன கையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பிணம் போன வீட்டில்தான். அண்ணன் முதல் தடவை பிரான்சுக்குக் கிளம்பிய நாள் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் அங்கே போய் இறங்கிப் போன் செய்யும் வரை அம்மா என்னைத் தலைக்குக் குளிக்க விடவில்லை. “மெட்ராஸ்ல பிளேன் ஏறிட்டான்மா, இன்னும் என்ன?” என்று கத்தினேன். “போய்ச் சேரட்டும்” என்றாள். எண்ணெய் வழியும் தலையோடு வகுப்புக்குப் போய் அல்ஜீப்ரா நடத்தினேன். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாதவளுக்கும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் நெஞ்சில் விழுந்தது.

அம்மா போன அன்று வீடு கழுவியது நினைவுக்கு வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் குடம் குடமாக ஊற்றிக் கூடத்திலிருந்து வாசல் வரை தள்ளினார்கள். பக்கத்து வீட்டம்மாவும் வந்திருந்தார். சாவுக்குச் சண்டை பார்க்க மாட்டார்கள் எங்கள் தெருவில். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்று கழுவினார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் எங்கே கிளம்பினாலும், என் வீட்டில் கழுவுவதற்கும் ஆள் இல்லை, கழுவாமல் காத்திருப்பதற்கும் ஆள் இல்லை.

உழவர்கரைக்கு அப்புறம் நான் போகவில்லை. “மேஸ்திரி வேற ஏற்பாடு பண்ணிட்டாரு” என்று பொய் சொன்னேன். “அப்படியா, நல்லதாப் போச்சு” என்றார் அந்த டீச்சர், கொஞ்சம் வேகமாகவே.

லாட்ஜில் ஒரு ரூம் எடுத்துக் குளித்தால் என்ன என்று தோன்றியது. யார் தயவும் வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் போய் ஆதார் கார்டை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் என்னையும் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “அட்ரஸ் முத்தியால்பேட்டைன்னு இருக்குதே. லோக்கல் ஆளுங்களுக்கு ரூம் தர்றதில்லம்மா” என்றார். “குளிக்கத்தான்” என்றேன். அவர் முகம் இன்னும் மாறியது. எங்கெங்கிருந்தோ வந்து நம் ஊர்க் கடற்கரையில் கூத்தடிப்பவர்களுக்கெல்லாம் ரூம் உண்டு, ஊர்க்காரிக்குக் கிடையாது. அவரைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அடுத்த அடி சுவரிலிருந்து வந்தது. புதுக் குழாய் பதிக்கப் பொதுச் சுவரைக் கொத்தும்போது, மேலே ஒரு செங்கல் பிடிமானம் விட்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. தொம்மென்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே பக்கத்து வீட்டம்மாவின் குரல்.

“யாருய்யா அது, செவுத்த தொளச்சிக்கினு வர்றது?”

மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். “நாந்தாங்க மேஸ்திரி. பழைய செவுரு, தொட்டதும் கழண்டுக்கிச்சி. யாருக்கும் அடி படலியே?”

“படல, படல. வாளிதான் நசுங்கிச்சி. டீச்சர் இருக்காங்களா?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து அந்தம்மாவே, “சரி, போவும்போது நல்லா பூசி வுட்டுட்டுப் போங்க” என்றார்.

பூசவில்லை. ஓட்டையில் ஒரு சிமெண்ட் சாக்கைச் சுருட்டித் திணித்துவிட்டு மேஸ்திரி தலையைச் சொறிந்தார். வில்லியனூரைத் தாண்டி உள்ளே அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. “சொர்ணவாரி நடவு டீச்சர். நாத்து முத்திப்பூடும். ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன். முடிச்சதும் ஓடியாந்துடறேன்” என்றார். கோடைப் பயிர் எனக்காகக் காத்திருக்காது. தட்டாஞ்சாவடிப் பட்டறையில் ஜன்னல் கம்பிக்குச் சொல்லியிருந்ததும் வரவில்லை. மணலும் டைல்ஸ் பெட்டிகளுமாக வீடு அப்படியே நின்றது.

அந்த நாட்கள்தான் கொடுமை. துவைக்கிற ரூம் இல்லாததால் புடவைகளை லாண்டரியில் போட்டேன். உள்துணியை யாரிடம் கொடுப்பது? சமையல்கட்டுத் தொட்டியில் அலசிக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே கொடி கட்டிக் காயப்போட்டேன். யாராவது கதவைத் தட்டினால் முதலில் கொடியைத்தான் அவிழ்க்க வேண்டும். யாரும் தட்டவில்லை. உடம்பெங்கும் வேர்க்குரு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்து, “எப்படிப் போவுது வேலை?” என்றான். போனைத் திருப்பி டைல்ஸ் பெட்டிகளைக் காட்டினேன். “கலர் சூப்பர்” என்றான். குளிக்க எங்கே போகிறாய் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு அவன்மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பொய்.

காலையில் அந்தச் சாக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக் குளியல் முழுதும் எனக்குக் கேட்கும். அந்த வீட்டு மகன் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பான். பேத்தி சோப்பு கண்ணில் பட்டு அழும். மருமகள் கதவைத் தட்டி, “எவ்ளோ நேரம்? வேன் வந்துடும்” என்பாள். சொம்பு வாளியில் மோதும், யாரோ இருமுவார்கள், யாரோ யாரையோ திட்டுவார்கள். இடிந்த அறையில் மணல் குவியல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் அதைக் கேட்பேன். வேறு வேலை இல்லாமல் இல்லை. அந்தச் சத்தத்தை விட்டு எழுந்திருக்க மனம் வராது.

அப்படி ஒரு காலையில் எல்லாச் சத்தமும் ஓய்ந்த பிறகு, மேலே சாக்கு திணித்த ஓட்டையிலிருந்து பக்கத்து வீட்டம்மாவின் குரல் வந்தது.

“டீச்சர்.”

சத்தமில்லாமல் எழுந்து போய்விடலாம் என்று ஸ்டூலை நகர்த்தினேன்.

“இருக்கறீங்கன்னு தெரியும். ஸ்டூல் நவுர்ற சத்தம் கேட்டுது.”

“இருக்கேன்” என்றேன். பல வருடம் கழித்து அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

“ஒங்க பக்கம் தண்ணி சத்தமே இல்லியே. குளிக்க எங்க போறீங்க?”

“எங்கியோ போறேன்.”

“எங்கியோன்னா? அன்னிக்குப் பையத் தூக்கிக்கினு வண்டில போனீங்க. அப்பறமா அதுவும் காணோம்.”

“நான் எங்க போறேன் வர்றேன்னு பாக்கறதுதான் ஒங்களுக்கு வேலையா?” என்றேன். அம்மாவின் குரல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது.

அந்தப் பக்கம் குழாயை இறுக்கி மூடும் சத்தம் கேட்டது. போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு, முன்னைவிட மெதுவாக, “வேன் போனதும் வூட்ல நானும் மருமவளும்தான். பாத்ரூம் சும்மாதான் கெடக்கும். வந்தா வாங்க, வரலன்னா போங்க” என்றார். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். போனால் அம்மா என்ன நினைப்பாள் என்றுகூட ஓடியது மனம், போனவள் நினைப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும். சமையல் செய்தேன், பேப்பர் படித்தேன். கழுத்து எரிந்தது. மறுநாள் வேன் போன சத்தம் கேட்டதும் யோசிக்க நேரம் கொடுக்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். பை எடுக்கவில்லை. மாற்றுத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, பக்கத்து வாசல் ஏறினேன்.

“வாங்க” என்றார் பக்கத்து வீட்டம்மா. அவ்வளவுதான். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தெருவில் பார்த்தபோதெல்லாம் நான் இதைப் பார்க்கவில்லை. “பக்கெட்ல ரொப்பி வெச்சிருக்குது. சுடுதண்ணி வேணுமா?”

“வேணாங்கா” என்றேன். பழைய ‘அக்கா’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவர் நிமிரவில்லை, ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

குளியலறையில் யார் யார் துண்டோ ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. பேத்தியின் பொம்மைத் துண்டுமேல் என்னுடையதைப் போட்டேன். வாளியின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மேலே என் வீட்டுச் சிமெண்ட் சாக்கின் இன்னொரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சுவரில் பாதிக்கு மேல் ஊறிப்போய், காரை உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்து இறங்கியிருந்தது. எங்கள் குழாய் போகும் இடம் எனக்குத் தெரியாதா? பழைய குழாய் போன வழியிலேயே சாக்பீஸால் கோடு போட்டவள் நான். அந்தக் கோட்டுக்கு நேராகத்தான் அந்தக் கறை இருந்தது. அத்தனை வருடமும் இவர்கள் இதைப் பார்த்துக்கொண்டே குளித்திருக்கிறார்கள்.

முதல் சொம்பு தலையில் விழுந்ததும் என்னை மீறி ‘ஹா’ என்று சத்தம் வந்துவிட்டது. வெளியே நிச்சயம் கேட்டிருக்கும். வெட்கமாக இருந்தது, அப்படியும் அடுத்த சொம்பை நிறுத்த முடியவில்லை. பக்கெட் காலியாகும் வரை ஊற்றினேன். பிறகு குழாயைத் திறந்து இன்னொரு பக்கெட்டும்.

வெளியே வந்தபோது காபி இல்லை, முறுக்கு இல்லை, யாரும் எனக்காகச் சோபாவைக் காலி செய்யவில்லை. மருமகள் அழுக்குத் துணியைக் குவித்துக்கொண்டிருந்தாள். நான் என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வாசல்வரை வந்து, கடைசியில், “அந்தச் சுவர நல்லா பூசித் தரச் சொல்றேன்கா. இந்தப் பக்கமும்” என்றேன்.

“அதுக்கு என்னா இப்ப, மேஸ்திரி வரட்டும்” என்றார். “போய்ட்டு வாங்க.”

படி இறங்கினேன். உள்ளே வாளி நகரும் சத்தமும் துடைப்பம் எடுக்கும் சத்தமும் கேட்டது. தண்ணீர் விழப்போகும் சத்தத்துக்காகக் காத்து நின்றேன்.

“ஏய், இரு, இரு” என்று பக்கத்து வீட்டம்மாவின் குரல் உள்ளிருந்து வந்தது. “இப்பதான் அவங்க படி எறங்கறாங்க. வூடு போய்ச் சேரட்டும், அப்பறமா கழுவு.”

“இதோ பக்கத்து வூடுதான அத்த?” என்றாள் மருமகள்.

“பக்கத்து வூடா இருந்தா என்னா? போய்ச் சேரட்டும்.”

என் வாசலுக்கு வந்துவிட்டேன். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டி முதுகெல்லாம் நனைந்தது. சாவி கையில் இருந்தும் பூட்டுத் துவாரம் கண்ணுக்குத் தெரியவில்லை. அழுதேன், தெருவில் நின்றுதான் அழுதேன், யார் பார்த்தார்கள் என்று தெரியாது. அம்மா போன பிறகு இந்தப் பூமியில் யாரும் நான் போய்ச் சேர்வதற்காகக் காத்திருந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள், வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, என் கதவுச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தேன். உள்ளே போய், அவர்களுக்குக் கேட்கும்படி, கதவைக் கொஞ்சம் ஓங்கியே சாத்தினேன். அதற்கப்புறம்தான் அங்கே தண்ணீர் விழுந்தது.